சயான் முதல் ஆன்டிலோப் வரை: யூட்டா பாலைநிலப் பாறைகள் வழியே

முதல் நாள்: சயான்

லாஸ் வேகஸில் தொடங்கி அங்கேயே முடியும் ஒன்பது நாள் கார்ச் சுற்று இது. லாஸ் வேகஸிலிருந்து சயான் தேசியப் பூங்காவுக்கு 160 மைல். இன்டர்ஸ்டேட் 15-இல் போய், செயின்ட் ஜார்ஜ் தாண்டி 9-ஆம் எண் சாலையில் திரும்ப வேண்டும். ஓட்டம் இரண்டே முக்கால் மணி நேரம்தான். ஆனால் யூட்டா எல்லை தாண்டியதும் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் போய்விடும். காலை 8-க்குக் கிளம்பினால் போய்ச் சேரும்போது நண்பகல். ஸ்பிரிங்டேல் ஊரில் பார்க்கிங் தீர்ந்து, ஷட்டில் பஸ்ஸுக்கு வரிசை நீண்டிருக்கும் நேரம் அது. 6 மணிக்கே புறப்படுவது நல்லது.

இந்தச் சுற்றுக்கு அக்டோபர்தான் பொருத்தம். ஜூலையிலிருந்து செப்டம்பர் பாதி வரை பிற்பகல் இடிமழைக் காலம். குறுகிய பள்ளத்தாக்குகளில் திடீர் வெள்ளம் பெரும்பாலும் அப்போதுதான் வரும். நவம்பர் கடைசியில் மலைச்சாலைகளில் பனி பிடித்துவிடும். இரண்டுக்கும் இடையில் கிடைக்கிற சில வாரங்களை விடக்கூடாது.

தேசியப் பூங்காக்கள் எல்லாவற்றுக்கும் ஒரே ஆண்டுச் சீட்டு உண்டு. காரில் இருக்கும் எல்லோருக்கும் அதுவே போதும். அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர். 2026 முதல் வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு 250 டாலர். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால், சீட்டு யார் பெயரில் என்பதை வாங்கும்போதே யோசித்துக்கொள்ளுங்கள். வாயிலில் அடையாள அட்டை கேட்பார்கள்.

மார்ச்சிலிருந்து நவம்பர் வரை சயான் பள்ளத்தாக்குச் சாலையில் சொந்தக் காருக்கு அனுமதி இல்லை. விசிட்டர் சென்டரில் காரை விட்டுவிட்டு இலவச பஸ்ஸில்தான் போக வேண்டும். பஸ்ஸின் மேற்கூரைக் கண்ணாடி வழியே தெரியும் செங்குத்துச் சுவர்கள் நவஹோ மணற்கல். 18 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் இங்கே மணற்குன்றுகள் கடலாகக் கிடந்தன. அவை புதைந்து, இறுகி, சில இடங்களில் 2,000 அடி தடிமனுக்குக் கல்லாயின. மணல்மணி ஒவ்வொன்றின் மேலும் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாக ஒட்டியிருப்பதால் சிவப்பு. பிற்பாடு நிலத்தடி நீர் அந்த இரும்பைக் கரைத்துக்கொண்டு போன இடங்கள் வெளுத்துவிட்டன. சுவரின் உச்சி வெள்ளையாகவும் அடி சிவப்பாகவும் தெரிவது அதனால்தான்.

இந்த மணற்கல்லுக்கு அடியில் இருப்பது கயென்டா என்னும் அடுக்கு. களியும் சேறும் கலந்த, வலுவில்லாத கல். வர்ஜின் ஆறு அந்த அடுக்கை எட்டிய இடத்திலெல்லாம் அடி அரிபட்டு, மேலிருக்கும் மணற்கல் பலகை பலகையாகச் செங்குத்தாக விழுகிறது, பள்ளத்தாக்கு அகலமாகிறது. ஆறு இன்னும் கயென்டாவை எட்டாத மேல்பகுதியில் பள்ளத்தாக்கு இடுக்காகவே இருக்கிறது. நாளை போகப்போகும் நேரோஸ் அந்த இடுக்குதான்.

ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்னும் செங்குத்துப் பாறையின் உச்சிக்கு 2022 ஏப்ரலிலிருந்து குலுக்கல் முறையில் பெர்மிட். கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம். மலையைக் குடைந்து போகும் சுரங்கச் சாலையின் கிழக்கு வாயிலில் தொடங்கும் கேன்யன் ஓவர்லுக் பாதை போய்வர ஒரு மைல்தான். பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் விரியும். அங்கே பத்துப் பன்னிரண்டு கார்களுக்குத்தான் இடம் என்பதால் விடியற்காலையில் போய்விட வேண்டும்.

இரண்டாம் நாள்: நேரோஸ், பிறகு சுரங்கம்

முதல் பஸ்ஸைப் பிடித்துக் கடைசி நிறுத்தமான டெம்பிள் ஆஃப் சினவாவாவில் இறங்கினால், ரிவர்சைட் வாக் என்ற தளமிட்ட பாதை ஒரு மைல். வழியில் சுவரிலிருந்து நீர் கசிந்து, பாறையிலேயே பெரணிகள் தொங்கும். மேலே விழுந்த மழை மணற்கல்லுக்குள் இறங்கி, களிக்கல் தடுத்ததும் பக்கவாட்டில் வழிந்து வெளியே வருகிறது. பாதை முடிந்ததும் ஆற்றுக்குள்ளேயே நடக்க வேண்டியதுதான்.

ஆற்றில் கால் வைக்கும் முன் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது நீரோட்டத்தின் அளவு: வினாடிக்கு 150 கன அடிக்கு மேல் போனால் பூங்காவே வழியை மூடிவிடும். 70-க்குக் கீழே இருந்தால் பெரியவர்கள் நிதானமாக நடக்கலாம். இரண்டாவது அன்றைய திடீர் வெள்ள எச்சரிக்கை. விசிட்டர் சென்டர் பலகையில் எழுதியிருப்பார்கள். மூன்றாவது நீரில் இருக்கும் சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிரின் நச்சு. 2020 முதல் அதற்கு எச்சரிக்கை இருக்கிறது. ஆற்று நீரைக் குடிக்கவோ தலை முழுகவோ கூடாது. வடிகட்டிக் குடிப்பதும் பாதுகாப்பில்லை.

ஆற்றின் அடியில் தலையளவுக் கூழாங்கற்கள், வழுக்கும். ஓட்டப்பந்தயக் காலணியில் போனால் கணுக்கால் திரும்பிவிடும். ஸ்பிரிங்டேல் கடைகளில் நியோபிரீன் காலுறை, கணுக்காலை மூடும் நீர்க்காலணி, தோள் உயரக் கம்பு மூன்றும் சேர்த்து வாடகைக்குத் தருகிறார்கள். கம்பு கட்டாயம் வேண்டும். அதை ஊன்றி, நீரோட்டத்துக்குக் குறுக்கே ஒவ்வோர் அடியாக வைக்க வேண்டும். தெளிந்த நீர் சட்டென்று கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், மேலேயிருந்து இரைச்சல் கூடினால், கடிகாரத்தையோ கேமராவையோ பார்க்காமல் அருகில் உள்ள மேட்டில் ஏறிவிட வேண்டும். தலைக்கு மேல் நீல வானம் இருப்பதை நம்பக்கூடாது. பல மைல் தள்ளிப் பெய்த மழை இங்கே வெள்ளமாக வரும்.

பிற்பகலில் அடுத்த பூங்காவான பிரைஸ் கேன்யன் நோக்கி. 1930-இல் திறந்த 1.1 மைல் சுரங்கத்தைக் கடந்தால் கல்லின் முகமே வேறு. செக்கர்போர்டு மேசா மலையில் குறுக்கு நெடுக்காகக் கோடுகள். கிடையாகவும் சாய்வாகவும் போகும் கோடுகள் அன்றைய காற்று குவித்த மணல் அடுக்குகள். சாய்வு இறங்கும் திசையே அந்தக் காலத்துக் காற்று வீசிய திசை. நெடுக்குக் கோடுகள் வெயிலிலும் குளிரிலும் கல் விரிந்து சுருங்கியதில் விழுந்த வெடிப்புகள். வண்டியை ஓரங்கட்டிப் பத்து நிமிடமாவது இதைப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் நாள்: பிரைஸ் கேன்யன்

இந்தச் சுற்றில் ஒரே ஓரிடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் பிரைஸுக்குப் போங்கள் என்பேன். இங்கே எந்த ஆறும் பள்ளத்தாக்கை வெட்டவில்லை. பான்சகன்ட் பீடபூமியின் கிழக்கு விளிம்பு அரித்து அரித்துப் பின்வாங்கியதில் அரைவட்ட அரங்குகளாகக் குடைந்திருக்கிறது. கல்லும் வேறு: சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏரிகளில் படிந்த கிளாரன் சுண்ணாம்புக்கல்.

விளிம்பு 8,000 முதல் 9,000 அடி உயரம். இங்கே ஆண்டுக்கு 170 நாளுக்கு மேல் பகலில் பனி உருகி இரவில் உறைகிறது. நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். விரிசலில் இறங்கிய நீர் இரவில் உறைந்து கல்லைப் பிளக்கிறது; மறுநாள் உருகி இன்னும் ஆழம் போகிறது. முதலில் விளிம்பிலிருந்து நீண்ட சுவர்கள் பிரிகின்றன. சுவரில் ஓட்டை விழுந்து சாளரமாகிறது. சாளரத்தின் மேற்கூரை இடிந்ததும் மிஞ்சி நிற்கும் தூண்தான் ஹூடூ. லேசான அமிலத்தன்மை உள்ள மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்து அதன் விளிம்புகளை மழுக்குகிறது. மக்னீசியம் கலந்த டோலமைட் அடுக்கு எளிதில் கரையாது. அது தலையில் தொப்பியாக நிற்கும்வரை தூணுக்கு ஆயுள்.

பாதையில் இறங்கி ஒரு ஹூடூவை ஓரடி தூரத்தில் பாருங்கள். புடைத்து நிற்கும் அடுக்கு வெளிர்ச் சாம்பல் நிறம். உள்வாங்கிய அடுக்கு செம்மண் கல். மழையில் கரைந்த அந்தச் செம்மண் கீழே வழிந்து, சுவருக்குச் சாந்து பூசியதுபோல் தூண் முழுவதும் காய்ந்து ஒட்டியிருக்கிறது. அந்தப் பூச்சு உள்ளே இருக்கும் கல்லை அடுத்த மழையிலிருந்து ஓரளவு காக்கிறது. கை பட்டாலே உதிரும், ஆகவே தொடாமல் பார்ப்பது நல்லது. விளிம்பில் நிற்கும் பைன் மரங்களின் வேர்களையும் கவனியுங்கள். பாதி வேர் வெறும் காற்றில் தொங்கும். நூறு ஆண்டுக்குச் சில அடி என்ற கணக்கில் நிலம் அதன் காலடியிலிருந்து விலகிக்கொண்டிருக்கிறது.

நடக்க வேண்டிய வழி: சன்ரைஸ் பாயின்ட்டிலிருந்து குவீன்ஸ் கார்டன் பாதையில் இறங்கி, நவஹோ லூப் வழியாகச் சன்செட் பாயின்ட்டில் ஏறுவது. சுமார் 3 மைல், 600 அடி இறக்கம், அதே ஏற்றம், இரண்டு முதல் மூன்று மணி நேரம். நவஹோ லூப்பில் இரண்டு கிளை. வால் ஸ்ட்ரீட் கிளையில் ஆளை நசுக்குவதுபோல் நெருங்கும் சுவர்களுக்கு நடுவே, வெளிச்சத்தைத் தேடி நெடுநெடுவென வளர்ந்த டக்ளஸ் ஃபர் மரங்கள் நிற்கின்றன. பனிக்காலத்தில் கல் சரிவதால் அதை மூடிவிடுவார்கள். இன்னொரு கிளையில் தார்ஸ் ஹேமர் என்ற பெயர்பெற்ற ஹூடூ.

இங்கே அதிகமாக நடக்கும் விபத்து கணுக்கால் முறிவு. இறக்கத்தில் கிடக்கும் மணிமணியான சரளை, வழவழப்பான அடிப்பாகம் உள்ள காலணியைச் சறுக்கிவிடும். ஆழமான பல் உள்ள காலணி வேண்டும். உயரத்தினால் மூச்சு சீக்கிரம் வாங்கும். இறங்குவது சுலபமாக இருக்கிறதே என்று வேகமாக இறங்கிவிட்டு ஏற்றத்தில் திணறுபவர்கள் பலர். வயதானவர்களுக்குச் சன்ரைஸ், சன்செட் பாயின்ட்டுகளுக்கு நடுவே உள்ள அரை மைல் விளிம்புப் பாதை போதும். தார் போட்டது, சக்கர நாற்காலியும் போகும், காட்சியில் ஒன்றும் குறையாது.

வெளிச்சம் பற்றி ஒரு வார்த்தை. அரங்குகள் கிழக்கு நோக்கியவை. சன்செட் பாயின்ட் என்ற பெயரை நம்பி மாலையில் போனால் ஹூடூக்கள் நிழலில் கிடக்கும். பிரைஸ் பாயின்ட்டில் சூரியன் உதிக்கும் முன் நிற்க வேண்டும். அக்டோபரில் அந்த நேரம் உறைநிலைக்குக் கீழே போகும். கையுறை, காது மூடும் தொப்பி இல்லாமல் அரை மணி நேரம் நிற்க முடியாது.

நான்காம் நாள்: 12-ஆம் எண் சாலை, கேபிடல் ரீஃப்

பிரைஸிலிருந்து, கேபிடல் ரீஃப் பூங்காவை ஒட்டிய டோரி ஊருக்கு 12-ஆம் எண் சாலையில் மூன்று மணி நேரம். எஸ்கலான்டேக்கும் போல்டருக்கும் இடையில் ஹாக்பேக் என்ற பகுதியில் சாலை ஒரு முகட்டின் மேலேயே ஓடுகிறது. இரு பக்கமும் பள்ளம், தடுப்புச்சுவர் கிடையாது. அடுத்து போல்டர் மலையில் 9,600 அடிக்கு ஏறும். இருட்டிய பின் மானும் மாடும் குறுக்கே வரும், பகலிலேயே கடந்துவிடுங்கள். எஸ்கலான்டேயில் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளலாம்.

கேபிடல் ரீஃப் பூங்காவின் உயிர், நூறு மைல் நீளத்துக்கு நிலம் மடிந்து கிடக்கும் வாட்டர்பாக்கெட் மடிப்பு. மேற்குப் பக்கத்து அடுக்குகள் கிழக்கைவிட 7,000 அடிக்கு மேல் உயர்ந்திருக்கின்றன. சயானில் தலைக்கு மேலே இருந்த நவஹோ மணற்கல் இங்கே சாய்ந்து வந்து சாலையோரத்தில் வெள்ளைக் கூம்புகளாக நிற்கிறது. 24-ஆம் எண் சாலையோரத்தில் ஃப்ரீமான்ட் என்னும் பழங்கால மக்கள் செதுக்கிய பாறை உருவங்களுக்குப் பலகை நடைபாதை இருக்கிறது, பைனாகுலர் உதவும். கல்லில் கருப்பாகப் படியும் மாங்கனீசு, இரும்புப் பூச்சைக் கொத்தி எடுத்து அவர்கள் உருவம் வடித்தார்கள். கை எண்ணெய் பட்டால் உருவம் கெடும்.

பூங்காவுக்குள் இருக்கும் ஃப்ரூட்டாவில் மார்மன் சமயத்துக் குடியேறிகள் நட்ட பழத்தோட்டங்கள் இன்றும் காய்க்கின்றன. பறிக்கலாம் என்று பலகை வைத்த தோட்டத்தில் ஏணி, தராசு, காசுப்பெட்டி எல்லாம் இருக்கும். நாமே பறித்து, நிறுத்து, பணத்தைப் போட்டுவிட வேண்டும். அக்டோபரில் ஆப்பிள்.

ஐந்தாம் நாள்: கோப்ளின் வேலி

ஹாங்ஸ்வில்லில் தொட்டியை நிரப்பிவிடுங்கள். அடுத்து வெகு தூரம் ஒன்றுமில்லை. கோப்ளின் வேலி மாநிலப் பூங்கா, ஆகவே தேசிய ஆண்டுச் சீட்டு செல்லாது. தார்ச்சாலை பூங்காவரை போகிறது. என்ட்ராடா மணற்கல்லில் கடினமான அடுக்கும் மென்மையான சேற்றுக்கல் அடுக்கும் மாறி மாறி வருகின்றன. விரிசல்கள் கல்லைக் கட்டம் கட்டமாகப் பிரித்த பின், மூலைகளை மூன்று பக்கமிருந்தும் அரிப்பு தாக்குகிறது. மூலை முதலில் மழுங்குவதால் கல் உருண்டையாகிறது. கீழே உள்ள மென்கல் ஒடுங்கி, காளான் வடிவம் வருகிறது.

பள்ளத்துக்குள் பாதை என்று ஒன்று கிடையாது, எங்கும் சுற்றலாம். குழந்தைகளுக்கு இதைவிடப் பிடித்த இடம் இந்த வழியில் இல்லை. ஆனால் ஏறுவதும் தள்ளுவதும் கூடாது. 2013-இல் சாரணர் குழுவை அழைத்து வந்த பெரியவர்கள் ஒரு கல்லைத் தள்ளி உருட்டி, அதைக் காணொளியாகவும் வெளியிட்டார்கள். வழக்கு நடந்து 2014-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அந்தக் கல் அங்கே திரும்ப நிற்கப் போவதில்லை. நிழல் துளியும் இல்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் தண்ணீர் என்பது இந்த நிலம் முழுவதற்கும் கணக்கு. வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால் உடலில் உப்பு குறைந்து தலை சுற்றும். முறுக்கு, உப்புக்கடலை, ஊறுகாய் வைத்த தயிர்சாதம் இதற்கு மிகப் பொருத்தம்.

ஆறாம் நாள்: ஆர்ச்சஸ்

மோவாப் ஊருக்கு வடக்கே ஐந்து மைலில் வாயில். கூட்டக் காலத்தில் நேரம் முன்பதிவு செய்து நுழையும் விதி 2022-இலிருந்து சில ஆண்டுகள் இருந்தது. போகும் ஆண்டின் விதியைப் பூங்காவின் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். விதி இல்லாத நாளிலும் காலை 7-க்கு முன் உள்ளே இருப்பது நல்லது.

இங்கே 2,000-க்கும் மேற்பட்ட வளைவுகள். திறப்பு ஏதேனும் ஒரு திசையில் 3 அடியாவது இருந்தால்தான் கணக்கில் வரும். இத்தனை வளைவு ஓரிடத்தில் சேர்ந்ததற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத உப்பு. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்த கடல் திரும்பத் திரும்ப வற்றி, ஆயிரக்கணக்கான அடி தடிமனுக்கு உப்பு படிந்தது. மேலே பாறைகள் பாரமேற்றியதும் உப்பு அழுத்தம் தாங்காமல் நகர்ந்தது, சில இடங்களில் புடைத்து எழுந்தது. மேலே இருந்த மணற்கல் இணைகோடுகளாக விரிசல் விட்டது. பிறகு நீர் உப்பைக் கரைக்க, நடுப்பகுதி அமிழ்ந்தது. விரிசல்கள் அகன்று, இடையில் மெல்லிய சுவர்கள் வரிசையாக நின்றன. சுவரின் அடியில் மென்மையான அடுக்கு தொடங்கும் இடத்தில் ஈரம் தங்கிக் குடைய, வளைவு பிறக்கிறது.

அது இன்றும் நடக்கிறது. 306 அடி நீளமுள்ள லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சிலிருந்து 1991-இல் 60 அடிப் பலகை ஒன்று பெயர்ந்து விழுந்தது. அதன் கீழே போகும் பாதையை அத்துடன் மூடிவிட்டார்கள். 2008 ஆகஸ்டில் வால் ஆர்ச் ஓர் இரவில் இடிந்தது. டெவில்ஸ் கார்டனில் லேண்ட்ஸ்கேப் ஆர்ச் வரை சமதளப் பாதை, போய்வர இரண்டு மைலுக்குள்.

டெலிகேட் ஆர்ச்சுக்குப் போய்வர 3 மைல், 480 அடி ஏற்றம். நடுவே நீண்ட வெற்றுப் பாறைச் சரிவு. வழியைக் காட்டுவது சிறு கல்லடுக்குகள் மட்டுமே. வெயிலில் ஏறினால் களைத்துவிடும். சூரியன் மறைய ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது புறப்படுவது சரி. கடைசியில் பாறைச் சுவரை ஒட்டிய குறுகிய விளிம்பில் சுமார் 200 கஜம். திரும்பும்போது இருட்டிவிடும், தலையில் கட்டும் விளக்கு ஆளுக்கொன்று வேண்டும். கைப்பேசி வெளிச்சத்தில் அந்தச் சரிவில் கல்லடுக்குகள் தெரிவதில்லை. வழி தவறுவது அங்கேதான்.

பாதையோரத்து மண்ணில் குட்டிக் கோபுரங்களாகக் கருத்த பொருக்கு தெரியும். சயனோபாக்டீரியா, பாசி, லைக்கன் சேர்ந்து மணலைப் பிணைத்த உயிருள்ள மேல்தோல் அது. மண் காற்றில் பறக்காமல் இருப்பதும் செடிக்கு நைட்ரஜன் கிடைப்பதும் அதனால்தான். ஒரு மிதியில் நொறுங்கும், தேறப் பல பத்தாண்டு ஆகும். பாறையிலும் பாதையிலும் வறண்ட ஓடை மணலிலும் மட்டும் கால் வையுங்கள்.

ஏழாம் நாள்: கேன்யன்லேண்ட்ஸ்

ஐலண்ட் இன் த ஸ்கை பகுதிக்கு மோவாபிலிருந்து 40 நிமிடம். மேசா ஆர்ச்சில் சூரியோதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே புகைப்படக்காரர்கள் முக்காலி ஊன்றிவிடுவார்கள். கீழே உள்ள பாறைச் சுவரில் பட்ட வெயில் எதிரொளித்து வளைவின் அடிப்பாகத்தை ஆரஞ்சாக்கும். அது உதித்த பின்னும் கொஞ்ச நேரம் நீடிக்கும், ஆகவே இடித்துக்கொண்டு நிற்காமல் கூட்டம் கலைந்த பிறகும் போகலாம். வளைவுக்கு அப்பால் நேர்க்குத்துப் பள்ளம், கைப்பிடி இல்லை.

அதே பகுதியில் வட்டமாகக் குழிந்து கிடக்கும் அப்ஹீவல் டோம் உப்பு புடைத்ததா, விண்கல் விழுந்ததா என்று வெகுகாலம் வாதம். அதிர்ச்சியால் உருக்குலைந்த குவார்ட்ஸ் மணிகள் கிடைத்ததாக 2008-இல் வெளியான ஆய்வு விண்கல் பக்கம் சாய்த்தது.

எட்டாம் நாள்: மான்யுமென்ட் வேலி

மோவாபிலிருந்து தெற்கே மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வழியில் கூஸ்னெக்ஸில் சான் ஹுவான் ஆறு ஆயிரம் அடி ஆழத்தில் வளைந்து வளைந்து போகிறது. சமவெளியில் நெளிந்த ஆறு, நிலம் உயர உயர அதே வளைவுகளிலேயே கீழே வெட்டிக்கொண்டு போயிற்று.

மான்யுமென்ட் வேலி, நவஹோ பழங்குடியினர் தாமே ஆளும் நவஹோ நாட்டின் நிலம். கட்டணம் தனி, மது கூடாது, ட்ரோன் கூடாது. 17 மைல் மண்சாலை. மழை பெய்த மறுநாள் தாழ்வான காரில் இறங்க வேண்டாம். வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பலவற்றில் மண்சாலையில் நேர்ந்த சேதத்துக்குக் காப்பீடு கிடையாது. நவஹோ வழிகாட்டிகளின் ஜீப்பில் போனால் பொதுமக்களுக்கு மூடிய பகுதிகளையும் காணலாம். விசிட்டர் சென்டர் கிழக்கு நோக்கியது. மாலை வெயில் நேராகக் குன்றுகள் மேல் விழும். காலையில் அவை கரிய நிழலுருவங்கள்.

ஒன்பதாம் நாள்: ஆன்டிலோப்

பேஜ் ஊருக்கு இரண்டு மணி நேரம். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் நவஹோ நாடு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைக்கும், அரிசோனாவின் மற்ற பகுதி வைக்காது. பேஜ் அரிசோனா நேரம். கைப்பேசி இரண்டுக்கும் நடுவே தாவும். முன்பதிவுச் சீட்டில் எந்த நேரம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இதனால் சுற்றைத் தவறவிடுபவர்கள் நிறைய.

ஆன்டிலோப் என்பது பேஜ் அருகே நவஹோ நிலத்தில் உள்ள மிகக் குறுகிய மணற்கல் இடுக்கு. அப்பர், லோயர் என்று இரண்டு பகுதி. வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அதற்குக் காரணம் உண்டு. 1997 ஆகஸ்ட் 12 அன்று, லோயர் ஆன்டிலோப்பில் மழையே இல்லாதபோது, பல மைல் மேலே பெய்த மழை வெள்ளமாக வந்து 11 பயணிகள் இறந்தார்கள். மர ஏணிகள் அடித்துச் செல்லப்பட்டன. இன்று பாறையில் போல்ட் அடித்த எஃகுப் படிகள் இருக்கின்றன, வானிலை எச்சரிக்கை வந்தால் சுற்று ரத்து. சுவரின் அலையலையான வழவழப்பும் அதே வெள்ளம், மணலைச் சுமந்து தேய்த்துத் தேய்த்து உண்டாக்கியதுதான்.

அப்பரில் தரை சமம், பெரியவர்களுக்கு அது. மேலிருந்து விழும் ஒளிக்கற்றை மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை, நண்பகலை ஒட்டித்தான் கிடைக்கும். லோயரில் செங்குத்துப் படிகள், கால் வைக்கும் இடம் குறுகல், விலை பொதுவாகக் குறைவு. இரண்டிலும் பை, முக்காலி அனுமதி இல்லை. தண்ணீர் பாட்டிலும் கைப்பேசியும் போதும். மணல் கொட்டிக்கொண்டே இருக்கும், ஆகவே உள்ளே கேமரா லென்ஸ் மாற்ற வேண்டாம்.

இங்கிருந்து கனாப் வழியாக லாஸ் வேகஸுக்கு நான்கரை மணி நேரம். நடுவில் யூட்டாவில் நேரம் முன்னே போய்த் திரும்ப வந்துவிடும். அக்டோபரில் பேஜும் வேகஸும் ஒரே நேரம்தான். விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்கள் காலை 7 மணிச் சுற்றுக்கே பதிவு செய்யுங்கள்.